மறதிநோயும் நம் தட்டிலுள்ள காய்கறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா தம் கடைசி ஆறு ஆண்டுகளை மறதிநோயோடு கழித்தார். அவர் போன பிறகு, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மூத்தோர் நிலையத்தில் வாரம் ஒருநாள் தொண்டூழியம் செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்காகப் படிக்கத் தொடங்கி, பிறகு விட முடியாமல் படித்துக்கொண்டே இருப்பவள். அங்கு வரும் அக்காமாரும் அண்ணன்மாரும், அவர்களை அழைத்து வரும் பிள்ளைகளும் உணவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

காய்கறி, பழம் நிறையச் சாப்பிட்டால் மறதிநோய் வராதா?

வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வரும் வாய்ப்பு குறையலாம், வருவது தள்ளிப்போகலாம். ஆய்வுகள் இதுவரை காட்டுவது இவ்வளவுதான். என்னைக் கேட்டால் அதுவே பெரிது. 78 வயதில் வருவது 83இல் வந்தால், இடையில் இருக்கும் ஐந்து ஆண்டும் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் ஆண்டுகள்.

அதற்கு என்ன ஆதாரம்?

நம் ஊரிலேயே நடந்த ஆய்விலிருந்து தொடங்குகிறேன். 1993க்கும் 1998க்கும் இடையில், இங்கு வாழும் சீனர்களில் 45 முதல் 74 வயது வரை உள்ள 63,000க்கும் அதிகமானோரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை முறை, எவ்வளவு என்று விரிவாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து, அவர்களில் கிட்டத்தட்ட 17,000 பேரின் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதித்தார்கள். நடுவயதில் காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு, கொட்டை வகைகளைத் தாராளமாகவும், இறைச்சியையும் இனிப்புப் பானங்களையும் அளவாகவும் எடுத்துக்கொண்டவர்களுக்கு முதுமையில் அறிவாற்றல் குன்றும் வாய்ப்பு 18 முதல் 33 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதை வெளியிட்டார்கள்.

சீனர்களை வைத்துச் செய்ததுதானே என்று சிலர் கேட்பார்கள். பிரான்சில் மூன்று நகரங்களைச் சேர்ந்த 8,000 முதியோரைப் பின்தொடர்ந்த ஆய்வும் 2007இல் இதே பக்கம்தான் கைகாட்டியது. தினமும் பழமும் காய்கறியும் சாப்பிட்டவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு குறைவு. வேறு நாடு, வேறு சமையல், ஆனாலும் முடிவு ஒன்றையொன்று ஒத்திருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குச் செய்வது நியாயமாகாது. இவையெல்லாம் மனிதர்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். காய்கறி அதிகம் சாப்பிடுபவர் பெரும்பாலும் நடப்பார், புகைபிடிக்க மாட்டார், மருத்துவரிடம் நேரத்துக்குப் போவார். எது எதனால் என்று பிரித்தெடுப்பது கடினம். அமெரிக்காவில் கீரையையும் பெர்ரி பழங்களையும் முன்வைக்கும் ‘மைண்ட்’ உணவுமுறையை 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் நேரடியாகச் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அதைப் பின்பற்றியவர்களுக்கும் வழக்கமான உணவையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அது எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் இந்த நோய் வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு மூன்று ஆண்டு போதாது என்பது என் எண்ணம்.

வயிற்றுக்குள் போகிற காய்க்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

மூளை நம் உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தம். முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் மூளையெங்கும் ஓடுகின்றன. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு மூன்றும் அந்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் கெடுக்கின்றன. சின்னச் சின்னதாக அடைப்பு ஏற்படும். கை கால் இழுக்காது, வாய் கோணாது, நமக்கும் தெரியாது. மூளையில் மட்டும் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

காய்கறியும் பழமும் முதலில் உதவுவது இங்கேதான். அவற்றிலுள்ள பொட்டாசியம் உப்பின் வேகத்தைத் தணித்து ரத்த அழுத்தத்தை இறக்குகிறது. நார்ச்சத்து, சர்க்கரை மளமளவென்று ஏறாமல் பிடித்துக்கொள்கிறது. கீரையிலுள்ள ஃபோலேட் என்ற பி வைட்டமின், ரத்தக்குழாய்க்குக் கேடு செய்யும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது. பழங்களுக்கு நிறம் கொடுக்கும் ஃபிளேவனாய்டுகள் மூளைச் செல்களின் அழற்சியைக் குறைக்கக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் சமூகத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இங்குள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடம் அது 9.7 விழுக்காடு. நீரிழிவு மறதிநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது நன்றாகத் தெரிந்த ஒன்று. அதனால்தான் யாராவது “எனக்குச் சர்க்கரை மட்டும்தான், மற்றபடி ஒன்றுமில்லை” என்று சொல்லும்போது எனக்குப் பகீரென்கிறது.

என் அம்மா வாழ்நாள் முழுக்கக் கீரையும் காயும்தான் சாப்பிட்டார். அவருக்கு ஏன் வந்தது? நாங்கள் ஏதாவது தவறு செய்தோமா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பதில் சொல்வேன். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவது, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, மனச்சோர்வு, பள்ளிப் படிப்பு கிடைக்காமல் போனது எல்லாம் அதில் அடங்கும். எல்லாவற்றையும் சரிசெய்தாலும் உலகில் சுமார் 45 விழுக்காட்டு மறதிநோயைத்தான் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். மீதிக்கு வயது, மரபணு, இன்னும் புரியாத காரணங்கள். உங்கள் அம்மாவின் சமையலில் குறையில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டதிலும் குறையில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது, நாளுக்கு இரண்டு பங்கு காய்கறி, இரண்டு பங்கு பழம். வேகவைத்த காய் அல்லது கீரை முக்கால் குவளை, அதாவது சுமார் 100 கிராம், ஒரு பங்கு. சின்ன ஆப்பிள் அல்லது ஆரஞ்சு ஒன்று, நடுத்தர வாழைப்பழம் ஒன்று, பப்பாளி அல்லது அன்னாசியில் ஒரு கீற்று, இவை ஒவ்வொன்றும் ஒரு பங்கு. 2014 முதல் வாரியம் காட்டிவரும் ஆரோக்கியத் தட்டுப் படத்திலும் பாதித் தட்டு காயும் பழமும்தான். கால் பகுதி முழுத்தானியம், மீதிக் கால் பகுதி மீன், பருப்பு, தௌஃபு, இறைச்சி.

நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் சோற்றுக் குன்று, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். ஒருநாள் என் தட்டிலிருந்த பீன்ஸ் பொரியலை எடுத்து டீ குவளையில் போட்டுப் பார்த்தேன். கால் குவளைகூட வரவில்லை. இத்தனைக்கும் அன்று நன்றாகக் காய் சாப்பிட்டதாக நினைத்திருந்தேன். நீங்களும் ஒருமுறை அளந்து பாருங்கள். அதன்பிறகு கண்ணே அளவு சொல்லும்.

உருளைக்கிழங்கு வறுவல், சாம்பார்க் காய் எல்லாம் கணக்கில் வருமா?

உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேனை போன்றவை மாவுச்சத்து. அவற்றைச் சோற்றின் பக்கம் எழுதுங்கள், காயின் பக்கம் எழுதாதீர்கள். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டும் ஒரு பங்காகாது. ஆனால் கூட்டு, கீரை மசியல், அவியல் என்றால் ஒரு கிண்ணமே ஒரு பங்குக்குமேல் வந்துவிடும். கூட்டு செய்வதை நம் வீடுகளில் விட்டுவிட்டோமே என்பது என் பெரிய வருத்தம். பருப்பும் காயும் ஒன்றாகப் போகும் அருமையான பண்டம் அது.

எந்தக் காய், எந்தப் பழம் மூளைக்கு நல்லது? புளூபெரி வாங்க வேண்டுமா?

ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் கீரையைச் சொல்வேன். சிகாகோவில் 960 முதியோரைப் பின்தொடர்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், தினமும் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கீரை வகை சாப்பிட்டவர்களின் மூளை, அதை அரிதாகவே சாப்பிட்டவர்களின் மூளையைவிட 11 வயது இளமையானதற்குச் சமமாக வேலை செய்தது. அவர்கள் தின்றது ஸ்பினாச்சும் கேலும். நமக்குத் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. அக்கம்பக்க ஈரச்சந்தையில் பாயம், கங்குங், சாய்சிம், கைலான் போன்ற கீரைகள் இருக்கின்றன. சாய்சிம்மைப் பொடியாக நறுக்கிக் கடுகு, உளுந்து தாளித்துத் தேங்காய்ப்பூ தூவிப் பொரியலாக்கினால் முட்டைக்கோஸ் பொரியலைவிட எனக்கு அது பிடிக்கும்.

புளூபெரிக்குப் பெயர் வந்ததற்கு, அமெரிக்கர்கள் அதைச் சாப்பிட்டு அவர்களிடமே ஆய்வும் நடந்தது ஒரு காரணம். அதன் நீலநிறத்துக்குக் காரணமான அந்தோசயனின், நாவற்பழத்திலும் ஊதா முட்டைக்கோஸிலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கிறது. பிடித்தால் வாங்குங்கள். அதை வாங்க முடியவில்லையே என்று மட்டும் வருந்தாதீர்கள்.

காளானையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் தேசியப் பல்கலைக்கழகம் 60 வயதுக்கு மேற்பட்ட 600க்கும் அதிகமான சீனர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் 300 கிராமுக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு ஏறத்தாழ பாதியளவே காணப்பட்டது. காளான்தான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. காளான் மிளகு வறுவல் செய்ய ஒரு நல்ல சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடாதா?

ஃபோலேட்டும் வைட்டமின் சியும் தண்ணீரில் கரையும், சூட்டில் குறையும். நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்துக் கொட்டுவதுதான் பெரிய இழப்பு. கீரையைக் கழுவிய ஈரத்திலேயே மூடாமல் நான்கைந்து நிமிடம் வதக்கினால் போதும். தக்காளி, கேரட் போன்றவற்றை எண்ணெயில் சமைக்கும்போது சில சத்துகள் உடலில் நன்றாகவே சேர்கின்றன. பச்சையாகத்தான் தின்ன வேண்டும் என்று பல் போன பெரியவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பழமாகச் சாப்பிட நேரமில்லை, ஜூஸ் குடிக்கலாமா?

அமெரிக்காவில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினர் 1,836 பேரிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், வாரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ பழ, காய்கறிச் சாறு குடித்தவர்களுக்கு, மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்ஸைமர் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்து காணப்பட்டது. அதனால் ஜூஸை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். இருந்தாலும் உணவங்காடிக் கடையில் ஒரு குவளைக்கு மூன்று ஆரஞ்சு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றின் சர்க்கரையும் குவளைக்குள் போகும், நார் சக்கையோடு குப்பைக்குப் போகும். சர்க்கரை நோய் அதிகமுள்ள நமக்கு, பக்கத்துக் கடையில் வெட்டி வைத்திருக்கும் பப்பாளிக் கீற்றே மேல்.

எனக்கு நீரிழிவு. பழம் தொடக்கூடாது என்கிறார்களே?

முழுப்பழம் சாப்பிடலாம். ஒரு நேரத்துக்கு ஒரு பங்கு, காலையில் ஒன்று மாலையில் ஒன்று. கொய்யா, ஆப்பிள், ஆரஞ்சு, பப்பாளி வசதி. டுரியான், நன்கு பழுத்த மாம்பழம், லோங்கான் என்றால் அளவு மிகச் சிறிதாக இருக்கட்டும். சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். எந்தப் பழம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று அந்தக் கருவியே சொல்லிவிடும். பழத்தை ஒதுக்கிவிட்டு தே தாரிக்கும் மாரி பிஸ்கட்டும் எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் காணும் தவறு.

வல்லாரை மாத்திரை, நினைவாற்றல் டானிக், வைட்டமின் மாத்திரை?

வல்லாரை நல்ல கீரை. மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாகவே உண்பார்கள். துவையல் அரையுங்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள். மறதிநோயைத் தடுக்கும் மருந்து என்று மாத்திரையாக வாங்குவதற்குப் போதிய சான்று இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும், அறிவாற்றல் குறைவதைத் தடுப்பதற்காக பி, ஈ வைட்டமின் மாத்திரைகளையோ மீன் எண்ணெய் மாத்திரைகளையோ பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் இதற்குப் பணம் கட்டுபவர்களைக் கண்டு மனம் பொறுக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

நாங்கள் சுத்த சைவம். எங்களுக்குக் கவலை இல்லைதானே?

ஒன்றில் கவலை உண்டு, பி12. அது இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. காய்கறியில் இல்லை. பி12 குறைந்தால் மறதி, தடுமாற்றம், கை கால் மரத்துப்போவது எல்லாம் வரும். பார்ப்பதற்கு மறதிநோய் போலவே இருக்கும். ஆனால் உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம். நீரிழிவுக்கு நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 இறங்கும். சைவம், 60 வயது, மெட்ஃபார்மின் மூன்றும் சேர்ந்தவர் யாரானாலும் அடுத்தமுறை பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுக்கும்போது பி12யும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

தினமும் வெளியில்தான் சாப்பாடு. என்ன செய்வது?

கலவைச் சோற்றுக் கடையில் ஒரு இறைச்சி, இரண்டு காய் என்று கேளுங்கள், அதில் ஒன்று பச்சைக்கீரையாக இருக்கட்டும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் காயை இரண்டாம் முறை கேட்டால் தருவார்கள். யோங் தௌஃபுவில் பொரித்த உருண்டைகளுக்குப் பதில் கங்குங், காளான், வெண்டைக்காய் எடுக்கலாம். குழம்பை முழுதும் குடிக்காதீர்கள், உப்பு அதிகம். காலையில் பிராட்டா பழக்கமானவர்கள் வாரம் ஓரிரு நாளாகக் குறைத்துக்கொண்டாலே நல்லது.

யாராவது கவனமாக இருக்க வேண்டுமா?

ஆம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் கணக்கை உணவியல் நிபுணரிடம் கேட்காமல் பழமும் கீரையும் கூட்டக்கூடாது. அவர்கள் நட்சத்திரப் பழத்தை அறவே தொடக்கூடாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, உயிரிழப்புவரை கொண்டுபோகும். சில கொழுப்பு மாத்திரைகளோடு கிரேப்ஃபுரூட்டும் பம்பளிமாசும் சேராது. சீனப் புத்தாண்டுக்கு அண்டைவீட்டார் பம்பளிமாசு தருவார்கள், அதற்குமுன் மருந்தாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதைத் தாண்டிவிட்டேன். இனிமேல் மாற்றி என்ன பயன்?

பயன் உண்டு. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரிடம் ‘ஃபிங்கர்’ ஆய்வு நடந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் செய்தவர்களின் அறிவாற்றல், மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியது. 2015இல் வந்தது அந்த முடிவு. அதே முறையை நம் உணவுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மாற்றி ‘சிங்கர்’ என்ற ஆய்வு இங்கே தொடங்கப்பட்டது. உணவு தனியாக நின்று வேலை செய்வதில்லை என்பதுதான் இவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது. கீரை வாங்க நடந்தே போங்கள், நிலையத்தில் நாலு பேரோடு பேசுங்கள், காது கேட்கவில்லை என்றால் கருவி போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பதுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 40 வயதிலிருந்தே அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் குடும்ப மருத்துவரிடம் பதிந்து ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். 2023இல் தொடங்கிய திட்டம் இது. மேலே சொன்ன சீனர் ஆய்வில் பலன் தெரிந்ததும் நடுவயதுச் சாப்பாட்டுக்குத்தான்.

ஏற்கனவே மறதிநோய் வந்தவருக்குக் காய்கறி உதவுமா?

போன நினைவைத் திருப்பித் தராது. மலச்சிக்கல் போன்ற துன்பங்களைக் குறைக்கும், அதற்காகவே கொடுக்கலாம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர்கள் கண்ணில் படாமல் போகும், நிறத் தட்டு வையுங்கள். கரண்டி பிடிக்க மறந்தால், கையால் எடுத்துத் தின்னும்படி வேகவைத்த கேரட், பீன்ஸ், வாழைப்பழத் துண்டு கொடுங்கள். முழு திராட்சை வேண்டாம், தொண்டையில் சிக்கும். சாப்பிடும்போது அடிக்கடி இருமினால், விழுங்குவதைப் பரிசோதிக்கும் சிகிச்சையாளரைக் காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

அவர்களைச் சமையலிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். அம்மாவுக்கு என் பெயர் நினைவில்லாத நாள்களிலும், மேசையில் பழைய நாளிதழை விரித்து முருங்கைக்கீரையைப் போட்டால் கை தானாக வேலையில் இறங்கிவிடும். இணுக்கு இணுக்காக உருவி, பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் ஒருபக்கம் தள்ளி, நல்ல இலையை மட்டும் என் பக்கம் நகர்த்துவார். ஒரு கட்டு ஆய ஒரு மணிநேரம் ஆகும். அன்றைக்கு மத்தியானம் அந்தக் கீரையை மட்டும் மறுக்காமல் சாப்பிடுவார்.